மலையடிவாரத்தில் ஒரு காலிக் கார்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் வாராவாரம் மலையேறுகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். நிறுத்துமிடத்துக்குள் காரைத் திருப்பியதும், காலியிடம் எங்கே என்று தேடுவதற்கு முன் தரையை ஒரு நோட்டம் விடுவார்கள். சரளைக்கு நடுவே பட்டாணி அளவில் வெளிர்பச்சைக் கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடந்தால், அண்மையில் அங்கே யாரோ ஒருவருடைய கார் ஜன்னல் உடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர்கள் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு மலைக்குப் போய்விடுவார்கள்.

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஷேன் ஜான்சனும் அவருடைய சகாக்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டுத் திருட்டுகளையும் கார்களிலிருந்து பொருள் திருடப்பட்ட வழக்குகளையும் எடுத்து, எது எங்கே, எப்போது நடந்தது என்று பொருத்திப் பார்த்தார்கள். இடத்தாலும் நாளாலும் நெருங்கி நடந்த திருட்டுகள் பெரும்பாலும் ஒரே ஆளின் கைவரிசையாக இருந்தன. ஓரிடத்தில் கிடைத்தது என்றால் அங்கேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, சீக்கிரமாகத் திரும்பி வருகிறான் திருடன். காட்டில் இரை தேடும் விலங்கு செய்வதும் இதுதான். அதனால் அந்த ஆய்வாளர்கள் திருடனைப் புரிந்துகொள்ள உயிரியல் பக்கம் போனார்கள். விலங்குகள் எந்தப் புதரில் எவ்வளவு நேரம் மேயும், எப்போது அடுத்த புதருக்கு நகரும் என்பதை விளக்கும் கோட்பாடுகளைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வையோடு ஒரு மலைத்தடத்தின் தொடக்கத்தில் போய் நிற்போம். டிரெயில்ஹெட் என்று அங்கே சொல்வார்கள். காட்டை வெட்டிச் சமன்படுத்திய ஒரு சரளைத் திடல், ஒரு கழிப்பறை, வழியைக் காட்டும் ஓர் அறிவிப்புப் பலகை. சுற்றிலும் டக்ளஸ் ஃபர் மரங்கள் சுவராக நிற்கும். பல இடங்களில் கைபேசிச் சிக்னல் கிடையாது. மின்கம்பமும் இல்லை, காவலாளும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கும். சியாட்டிலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் நார்த் பெண்ட் ஊருக்கு மேலே நிற்கும் மவுண்ட் சை அப்படிப்பட்ட ஒரு மலை. போர்ட்லண்டுக்குக் கிழக்கே கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுகிலும், 189 மீட்டர் உயரத்திலிருந்து விழும் முல்ட்னோமா அருவியின் சுற்றுவட்டாரம் உட்பட, இப்படிப்பட்ட நிறுத்துமிடங்கள் வரிசையாக இருக்கின்றன. வந்த வேலை முடிந்தால் சில நிமிடங்களில் நெடுஞ்சாலையில் கலந்து நகரத்துக்குள் மறைந்துவிடலாம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று அந்த அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. உச்சி எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று அதில் எழுதியிருக்கும். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். மவுண்ட் சைக்குப் போய்வர ஏறத்தாழ 13 கிலோமீட்டர், ஏற்றம் 960 மீட்டர். தூரத்துக்கு 2.6 மணி, ஏற்றத்துக்கு 1.6 மணி, ஆக நான்கு மணி நேரத்துக்கு மேல். சோறு சாப்பிட்டு, படம் எடுத்து இறங்கினால் ஐந்து, ஆறு மணி நேரம். திருடனுக்கு நெய்ஸ்மித்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வணிக வளாகத்தில் நிறுத்திய காருக்குச் சொந்தக்காரர் எந்த நொடியும் வரலாம். இங்கே முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஒரு குடும்பம் மரங்களுக்குள் மறைந்தால், மதியம் வரை அவர்கள் வர மாட்டார்கள் என்பது உறுதி. மலையடிவாரத் திருட்டின் மூலதனமே இந்த உறுதிதான். சில இடங்களில் தடத்தின் முகப்பில் பதிவேடு வைத்திருப்பார்கள். எத்தனை பேர், எத்தனை இரவு தங்கப் போகிறோம் என்று அதில் எழுத வேண்டும். ஆபத்தில் தேடி மீட்க உதவும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் திறந்து கிடக்கும் ஏட்டை யாரும் வாசிக்கலாம். கேட்டதற்கு மேல், உங்கள் கார் எது என்று கண்டுபிடிக்க உதவும் எதையும் அதில் எழுதாமல் இருப்பது நல்லது. திரும்பும் நேரத்தை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

1979இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும் என்றார்கள்: திருட நினைக்கும் ஆள், கைக்கு எட்டும் பொருள், தடுக்க ஆளில்லாத நேரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வருமானமும் படிப்பும் கூடியபோதும் திருட்டு ஏன் பெருகியது என்பதற்கு அவர்கள் தேடிய விடை இது. மக்கள் வீட்டுக்கு வெளியே கழிக்கும் நேரம் கூடியது. எளிதில் தூக்கிப் போகக்கூடிய விலையுயர்ந்த பொருள்களும் கூடின. நம்முடைய அன்றாட நடமாட்டம் மாறும்போது திருட்டும் அதைப் பின்தொடர்ந்து மாறும் என்ற இந்தக் கருத்து டிரெயில்ஹெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. மூன்றில் முதலாவது நம் கையில் இல்லை. மூன்றாவது, மலையேறப் போகிறோம் என்று முடிவெடுத்த கணமே கையை விட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஒன்றுதான்.

பூட்டிவிட்டோமே, கண்ணாடி ஏற்றியிருக்கிறதே என்று தோன்றலாம். கார் ஜன்னல் கண்ணாடியின் இயல்பைத் தெரிந்துகொண்டால் அந்த நம்பிக்கை போய்விடும். பக்கவாட்டு ஜன்னல்களில் பெரும்பாலும் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பு அதை விடாது. இந்த இழுபறியில் மேற்பரப்பு நிரந்தர அழுத்தத்திலும் உட்பகுதி நிரந்தர இழுவிசையிலும் மாட்டிக்கொள்கின்றன. நாணேற்றிய வில்லுக்குள் விசை அடங்கியிருப்பதைப் போல அந்தக் கண்ணாடிக்குள் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கு மடங்கு வலுவானது. உள்ளங்கையால் அறைந்தாலும் முழங்கையால் இடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் கடினமான ஒரு கூர்முனை அந்த மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால் போதும். விரிசல் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். ஜன்னல் முழுவதும் நொறுங்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

இது வடிவமைப்புக் குறை இல்லை; வேண்டுமென்றே செய்ததுதான். விபத்தில் கத்தி போன்ற சில்லுகள் கழுத்தை அறுக்காமல் மழுங்கிய துண்டுகளாகச் சிதற வேண்டும், மூழ்கும் காரிலிருந்து ஆளை வெளியே இழுக்க முடிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். உயிரைக் காக்க வைத்த கதவு அது. அதையே திருடனும் பயன்படுத்துகிறான். முன்பக்கக் கண்ணாடி வேறு வகை. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸின் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலத்தை ஒட்டும் லேமினேட்டட் கண்ணாடி அந்த வழியில் வந்தது. இப்போது பல புதிய கார்களில் பக்க ஜன்னல்களுக்கும் இதைப் போடுகிறார்கள். 2018ஆம் ஆண்டு மாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அப்படி இருந்ததாக அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ட்ரிபிள் ஏ கணக்கிட்டது. 2019இல் அது நடத்திய சோதனையில், கண்ணாடி உடைக்கும் மீட்புக் கருவிகள் ஒன்றுகூட லேமினேட்டட் ஜன்னலை உடைக்கவில்லை. திருடனுக்கு இடைஞ்சல்தான். ஆனால் பெரும்பாலான கார்களில் பின்ஜன்னல்களும் முக்கோணக் கண்ணாடிகளும் இன்னும் டெம்பர்டுதான். ஜன்னலில் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் சில விநாடிகள் தாமதமாகும். ஐந்து மணி நேரம் கையிலிருக்கும் ஒருவனுக்குச் சில விநாடிகள் பெரிதில்லை.

அலாரமும் ஏறத்தாழ அந்தக் கதைதான். ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபெல் அலறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அது 50 டெசிபெல், அதாவது அடக்கமான பேச்சொலி. அதுவும் வெட்டவெளியில். நடுவே காடும் மலைமுகடும் ஓடையும் இருந்தால் அதுவும் கேட்காது. நகரத்தில் அலாரம் வேலை செய்வது யாராவது ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பதால். எட்டிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் சத்தம் எதையும் காக்காது.

கேமரா? இங்கே சான்றுகள் சுவாரசியமானவை. பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபேரிங்டன் இருவரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, கண்காணிப்புக் கேமரா மொத்தத்தில் குற்றத்தை 16 சதவீதம்தான் குறைத்தது. ஆனால் கார் நிறுத்துமிடங்களில் மட்டும் 51 சதவீதம். இதைப் பார்த்தால் எல்லா மலையடிவாரத்திலும் கேமரா வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் பிரிட்டனில் இருந்தவை; கேமராவோடு கூடவே விளக்கு, வேலி, பணியாள் எல்லாம் சேர்ந்து வந்தன; திரையைப் பார்த்து ஆளனுப்ப ஒருவர் இருந்தார். மின்சாரமும் சிக்னலும் இல்லாத காட்டில் கேமரா என்பது நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும் பெட்டி மட்டுமே.

இன்னொரு பரிசோதனை என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் டேனியல் நெட்டிலும் மெலிசா பேட்சனும், சைக்கிள் திருடர்களே உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்ற வாசகத்தோடு ஒரு ஜோடிக் கண்கள் உறுத்துப் பார்க்கும் படத்தைச் சில சைக்கிள் நிறுத்துமிடங்களில் மாட்டினார்கள். படம் இருந்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. வெறும் காகிதக் கண்களுக்கு அத்தனை பலம். ஆனால் படம் மாட்டாத இடங்களில் திருட்டு 65 சதவீதம் கூடியது. திருடர்கள் திருந்தவில்லை, இடம் மாறினார்கள். என் காரைக் காப்பாற்ற நான் செய்யும் பல ஏற்பாடுகள், ஸ்டீயரிங்கில் பளிச்சென்று தெரியும் பூட்டும் ஜன்னலில் ஒட்டிய எச்சரிக்கை ஸ்டிக்கரும், பக்கத்துக் காரைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடுகளாகவே முடியலாம். அப்படி இடம் மாறிப் போகாத ஒரு தடுப்பு இருக்கிறதா?

இருக்கிறது. அதை நிரூபித்தவை கரடிகள்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1990களில் கரடிகள் கார் உடைப்பதில் தேர்ந்துவிட்டன. நகத்தைக் கதவின் மேல்விளிம்பில் கொடுத்துச் சட்டத்தையே வளைத்து இறக்கிவிடும். 1998இல் மட்டும் 1,300க்கு மேற்பட்ட கார்களை உடைத்தன. சீட்டுக்கடியில் உதிர்ந்த சிப்ஸ், மறந்து வைத்த சூயிங்கம், குழந்தை இருக்கையில் ஒட்டிய பாலின் வாசனை, எதுவும் போதும். ஸ்டூவர்ட் பிரெக்கும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட 908 வண்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் 26 சதவீதம் மினிவேன்கள். பூங்காவுக்கு வந்த வண்டிகளில் மினிவேன்களின் பங்கோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். கரடிகள் கண்டபடி உடைக்கவில்லை; வண்டியின் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தன. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மினிவேனில் வருவார்கள், உள்ளே தின்பண்டம் சிந்தியிருக்கும் என்பது ஒரு விளக்கம். வெகுசில கரடிகளே இந்தத் தொழிலில் கைதேர்ந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் மனிதத் திருடர்களுக்கும் பொருந்தும்.

பூங்கா நிர்வாகம் கரடிகளைச் சுட்டுத் தீர்க்கவோ ஜன்னல்களுக்குக் கம்பி போடவோ போகவில்லை. முகாம்களிலும் தடங்களின் தொடக்கத்திலும் உணவை வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டிகளை வைத்தது. இரவில் காருக்குள் உணவோ வாசனைப் பொருளோ எதையும் வைக்கக் கூடாது என்று கட்டாயமாக்கியது, மீறினால் அபராதம். ஊழியர்கள் இரவில் டார்ச் அடித்து ஒவ்வொரு காராகப் பார்த்தார்கள். சம்பவங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும் காரைக் காலி செய்ததால் கார் உடைப்பது கரடிக்குக் கட்டுப்படியாகாத வேலையாகிவிட்டது.

எரிக் சார்னோவ் என்ற சூழலியலாளர் 1976இல் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். ஒரு விலங்கு ஒரு புதரில் எவ்வளவு நேரம் மேய வேண்டும்? அந்தப் புதரில் கிடைக்கும் விகிதம், சுற்றுவட்டாரத்தின் சராசரிக்குக் கீழே இறங்கும் கணத்தில் கிளம்பிவிட வேண்டும். நிறுத்துமிடத்தில் நாற்பது கார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஜன்னலுக்கு ஒரு பர்ஸ் கிடைத்தால் அது வளமான புதர். அடுத்த சனிக்கிழமையும் வருவான். முப்பது ஜன்னலுக்கு ஒன்று என்றால் சத்தத்துக்கும் ஆபத்துக்கும் ஈடாகாது. என் காரில் ஒளித்து வைத்த கைப்பை அடுத்த வாரம் வேறொருவருடைய ஜன்னலை உடைக்க வைக்கும் கூலி என்பதை நாம் யோசிப்பதே இல்லை. காலியான கார் எச்சரிக்கைப் படம் போல ஆபத்தைப் பக்கத்துக்குத் தள்ளாது. அந்த நிறுத்துமிடத்தின் விளைச்சலையே குறைக்கிறது. இதை ஊரார் எல்லோரும் சேர்ந்து செய்யும் காரியமாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

காலி என்றால் உண்மையிலேயே காலி. போர்வையைப் போர்த்தி மூடுவது, கீழே ஏதோ இருக்கிறது என்று அறிவிப்பதாகும். கழற்றிப் போட்ட ஜாக்கெட், ஜிம் பை, சார்ஜர் ஒயர், கண்ணாடியில் தெரியும் ஜிபிஎஸ் பிடியின் வட்டத்தடம்கூட உள்ளே தேட ஆசை காட்டும். டிக்கியில் வைப்பது மேல் என்றாலும் பல செடான்களில் ஜன்னல் உடைந்ததும் உள்ளிருந்தே டிக்கியைத் திறந்துவிடலாம், பின்சீட்டை மடக்கியும் உள்ளே கையை விடலாம். எஸ்யூவிகளில் மூடிய டிக்கியே கிடையாது. டிக்கியில் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட வேண்டும். நிறுத்துமிடத்தில் வந்து இறங்கி, லேப்டாப் பையைப் பின்சீட்டிலிருந்து எடுத்து டிக்கிக்குள் மாற்றுவதைப் பத்தடி தள்ளி நிற்கும் காருக்குள்ளிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். சாவியை டயருக்கு மேலோ பம்பருக்கு அடியிலோ ஒளிப்பதும் அப்படியே. பர்ஸ், சாவி, கைபேசி மூன்றும் முதுகுப்பையில் ஏறிவிட வேண்டும். குளோவ் பாக்ஸைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது எனக்குச் சரியாகவே படுகிறது. கதவையே பூட்டாமல் விட்டுவிட்டால் கண்ணாடி மிச்சம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் அண்மைக்காலம் வரை, கார் கதவு பூட்டியிருந்தது என்று நிரூபித்தால்தான் கார் உடைப்புக் குற்றச்சாட்டு நின்றது. உடைந்த கண்ணாடி இருந்தும் வழக்குகள் கைநழுவின. 2024இல் நிறைவேறிய சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது.

பணத்தைவிட அதிகம் இழக்கச் செய்யும் பொருள்கள் வேறு. காரின் பதிவுத் தாளில் வீட்டு முகவரி இருக்கிறது. சன்வைசரில் மாட்டியிருக்கும் கராஜ் ரிமோட் அந்த வீட்டைத் திறக்கும். வீட்டுக்காரர் மலைமேல் இருக்கிறார் என்பது திருடனுக்கு உறுதி. பதிவுத் தாளையும் ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போவதற்கு எடை ஒன்றும் இல்லை.

சியாட்டில், ரெட்மண்ட், போர்ட்லண்ட் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும்போது அவர்களை அருவி பார்க்க அழைத்துப் போகாத வீடு கிடையாது. பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கணும் என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அம்மாவின் கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட்டும் நகையும் மாத்திரையும் ஒன்றாக இருக்கும். முட்டி வலி என்று அந்தப் பையைக் காரிலேயே வைத்துவிட்டுச் சிறிது தூரம் நடப்பார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம் வழியாகப் புதிது வாங்கலாம். அதில் ஒட்டியிருந்த அமெரிக்க விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு திரும்பப் பெற முடியாது. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எச்1பி விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். வெளிநாட்டினர் தங்கள் ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், கொண்டு போனால் அது உடம்போடு இருக்க வேண்டும், காரில் அல்ல.

லேப்டாப்பை விட்டுப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. மூடி வைத்த கருவியிலிருந்தும் புளூடூத் அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கலாம். அந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். காரின் இரும்பு உடல் தடுத்தாலும் அந்த அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரிய ஜன்னல்கள் வழியாக அது தாராளமாக வெளியே வந்து, உள்ளே கருவி இருப்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே விட்டுத்தான் போகவேண்டும் என்றால் முழுவதும் அணைத்துவிடுங்கள். ஏர்டேக் போன்றவை திருட்டைத் தடுக்காது. பக்கத்தில் கடந்துபோகும் யாருடைய ஐபோனோ கேட்டால்தான் அது தன் இடத்தைச் சொல்ல முடியும். காட்டில் ஊமையாக இருந்து நகரத்துக்குள் போனதும் பேசத் தொடங்கும். அந்தப் புள்ளியைத் தேடி நீங்களே போகாதீர்கள், போலீஸிடம் காட்டுங்கள்.

காரையே ஓட்டிப்போவது வேறு ரகம். அதற்குச் சரியான மருந்து இம்மொபிலைசர்: சாவியில் உள்ள சில்லுடன் சங்கேதம் பரிமாறாமல் இன்ஜின் கிளம்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் இதைக் கட்டாயமாக்கியது. அதனால் நெதர்லாந்தில் கார் திருட்டு பெருமளவு குறைந்ததாக யான் ஃபான் ஊர்ஸும் பென் ஃபொலார்டும் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் கட்டாயமில்லை. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் வண்டிகளில் 96 சதவீதத்தில் அது இருந்தபோது ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. சமூக ஊடகங்களில் திருடும் முறை பரவியதும் அந்த வண்டிகளின் திருட்டு பெருகியது. பழைய ஹூண்டாயோ கியாவோ வைத்திருந்தால் ஸ்டீயரிங் பூட்டு வாங்குவது நியாயமான செலவு.

திரும்பி வரும்போது ஜன்னல் உடைந்திருந்தால், கண்ணாடியைக் கூட்டுவதற்கு முன் அட்டைகளை முடக்குங்கள். திருடிய அட்டையோடு நேராக ஏதாவது பெரிய கடைக்குப் போய்ப் பரிசுக் கூப்பன்கள் வாங்குவது பழகிய உத்தி. நீங்கள் உச்சியிலிருந்து இறங்குவதற்குள் அது முடிந்திருக்கும். அமெரிக்கச் சட்டப்படி கிரெடிட் கார்டில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் இரண்டு வேலைநாளுக்குள் சொன்னால்தான் அந்த 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரையோ அதற்கு மேலோ போகலாம். ஆகவே மலைக்கு ஒரு கிரெடிட் கார்டும் ஓட்டுநர் உரிமமும் போதும், டெபிட் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்காமலிருக்க மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை முடக்கி வைக்கலாம். 2018 செப்டம்பர் முதல் அதற்குக் கட்டணம் இல்லை.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. என் பார்வையில் சிறந்தது, காரே இல்லாமல் மலைக்குப் போக வழி செய்வது. சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுண்டி 2017இல் டிரெயில்ஹெட் டைரக்ட் என்ற பேருந்தைத் தொடங்கியது. பருவ காலத்தில் மவுண்ட் சை உள்ளிட்ட தடங்களுக்கு அது போகும். போர்ட்லண்டிலிருந்து முல்ட்னோமா அருவிக்கு 2016 முதல் கொலம்பியா கார்ஜ் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. நிறுத்தாத காரை யாரும் உடைக்க முடியாது. அடுத்தது, ஆள். கொலம்பியா பள்ளத்தாக்கில் வார இறுதிகளில் தன்னார்வலர்கள் தடங்களின் தொடக்கத்தில் மேசை போட்டு நின்று வருகிறவர்களுக்கு வழி சொல்கிறார்கள். காவல் அவர்கள் வேலையல்ல. ஆனால் கோஹனும் ஃபெல்சனும் சொன்ன மூன்றாவது நிபந்தனை, அங்கே ஒரு மனிதர் நிற்பதாலேயே உடைந்துவிடுகிறது.

கவுண்டியின் காவல் துறையான ஷெரிப் அலுவலகத்தில் ஆள் குறைவு, காடு பெரிது, எல்லா இடத்திலும் எப்படி ரோந்து வருவது என்பார்கள். எல்லா இடத்திலும் வரத் தேவையில்லை. 1989இல் லாரன்ஸ் ஷெர்மன் மினியாபொலிஸ் நகரத்தை ஆராய்ந்தபோது, போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தன. அதே நகரத்தின் தரவை வைத்து கிறிஸ்டோபர் கோப்பர் 1995இல் இன்னொன்றைக் கண்டார்: குற்றம் மலிந்த ஓரிடத்தில் ரோந்து வண்டி ஏறத்தாழ 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது, அதற்கு மேல் நின்றால் கூடுதல் பயன் இல்லை. ஒரே வண்டி, எதிர்பாராத நேரங்களில், நான்கைந்து நிறுத்துமிடங்களைச் சுற்றி வரலாம். எந்த நான்கைந்து என்பதைத்தான் யாராவது சொல்ல வேண்டும். ஜன்னல் மட்டும்தானே, எதுவும் போகவில்லையே, புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று பெரும்பாலோர் டேப் ஒட்டி வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுகிறார்கள். அந்த நிறுத்துமிடம் ஷெரிப்பின் வரைபடத்தில் வெள்ளையாகவே இருக்கிறது. பல கவுண்டிகளில் இணையத்திலேயே புகார் பதியலாம். இடம், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்ற மூன்றையும் எழுதுங்கள். எதுவும் திருடு போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.